குண்டூசி குத்திய அத்தியாயம்

கொட்டாஞ்சேனை
11.02.2025, செவ்வாய்

ஹெக்கி,

அந்தோனியார் உங்களைப் பார்த்துக்கொள்ளட்டும், நான் உங்கள் சாரங்களைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு தோய்த்து மடித்து அனுப்பியிருக்கிறேன். நீலச் சாரம் இன்னும் சரியாகக் காயவில்லை.

இது நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம். கல்யாணம் கட்டி முப்பத்தாறு வருசம் ஒரே வீட்டுக்குள் இருந்தவர்களுக்குக் கடிதம் எதற்கு? தொண்டை ஒப்பரேசனுக்குப் பிறகு உங்களுக்குக் கதைக்க ஏலாது என்று டொக்டர் சொன்னதும் மெல்ரோய்தான் இந்த யோசனையைச் சொன்னான். "அம்மா, போன் எடுத்தா அப்பா என்னெண்டு பதில் சொல்லுறது? எழுதித் தாங்க. வேலைக்குப் போக முதல் குடுத்திட்டுப் போறன்." ஐந்தாம் வகுப்போடு நின்ற தாயிடம் மகன் கேட்பதைப் பாருங்கள். போனில் எழுத எனக்கு விரல் வராது. அதனால் கொப்பித்தாள்.

வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. நான் மெஷினில் தைக்க, பக்கத்துக் கதிரையில் இருந்து நீங்கள் நாவல் வாசிப்பீர்கள். பதினொரு வருசமாக மாதத்துக்கு ஒரு புத்தகம். அதற்கு ஒரு நாளும் நான் நன்றி சொன்னதில்லை. "நூல் அறுகுது, மெல்ல வாசியுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்கிறேன், நன்றி ஹெக்கி. நேரில் சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்தால் தையல் நோகும்.

நேற்று முன்தினம் இரண்டாம் ஞாயிறு அல்லவா? வெள்ளவத்தையில் பஹ்மியா டீச்சர் வீட்டில் உங்கள் வாசிப்புக் கிளப் கூடியதாம். டீச்சர் போன் எடுத்தார். நீங்கள் வரும் வரை கடைசி அத்தியாயத்தைத் தொடுவதில்லை என்று எல்லோரும் முடிவெடுத்திருக்கிறார்கள். உங்கள் கிளப்பின் சட்டம் எனக்கு எப்போதும் சிரிப்புத்தான். கடைசி அத்தியாயத்தை ஒருவரும் வீட்டில் வாசிக்கக் கூடாது, குண்டூசி குத்தி வைத்து, ஒன்றாக இருந்து கழற்றி வாசிக்க வேண்டும், முதலே கழற்றுகிறவர் எல்லோருக்கும் தேத்தண்ணியோடு தின்னப் பற்றீஸ் வாங்கிக் கொடுக்க வேண்டும். வளர்ந்த ஆட்களின் விளையாட்டு! உங்கள் புத்தகங்களுக்கு ஊசி குத்துகிறவள் நான். அப்படியிருந்தும் முடிவு எனக்கும் தெரியாது, நீங்கள் ஞாயிறு பின்னேரம் வந்து சப்பாத்துக் கழற்றிக்கொண்டே சொல்லும் வரை.

கெதியாக வாருங்கள்.

உங்கள்
ஐறீன்


களுபோவில ஆஸ்பத்திரி, ஜன்னல் பக்கக் கட்டில்
12.02.2025

றீனி,

உன் கடிதத்தில் ஏழு பிழை. எண்ணினேன், கோடு போடவில்லை. ஆறு தரம் வாசித்துவிட்டேன். இவ்வளவு நன்றாக எழுதுகிறவள் முப்பத்தாறு வருசமாகக் கடைச் சிட்டைக்கு மட்டும்தான் பேனை எடுத்திருக்கிறாய். அநியாயம்.

சாப்பாடு மூக்குக் குழாய் வழியாகப் போகிறது. ஆகவே உன் மீன்குழம்பில் உப்புக் கூட என்று சொல்ல எனக்கு இப்போது வழியில்லை. சந்தோசப்படு.

ஒரு வேலை சொல்கிறேன். மேசையில் இருக்கும் கிளப் புத்தகத்தைக் கொண்டு வா. கடைசி மூன்று அத்தியாயம்தான் மிச்சம். நாலு மணிக்கு ஆட்களை விடுவார்கள். வந்து நீ எனக்கு வாசி. "எனக்கு ஏலாது, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பன்" என்று இப்போதே நீ சொல்வது எனக்குக் கேட்கிறது. கூட்டியே வாசி. இதுவரை நான் வாசித்தேன், நீ கேட்டாய். இனி மாற்றிப் பார்ப்போம். துறைமுகத்தில் முப்பது வருசம் கிளார்க்காக இருந்தவனுக்குக் காத்திருக்கத் தெரியும்.

ஊசி மறக்காதே.

உன் ஹெக்டர்


கொட்டாஞ்சேனை
21.02.2025, வெள்ளி

ஹெக்கி,

நேற்று வீட்டுக்கு வந்தும் எனக்குக் கோபம் அடங்கவில்லை. உங்களோடு இல்லை, புத்தகத்தோடு.

முதல் நாள் வாசிக்க எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கத்துக்கு அரை மணித்தியாலம். வார்ட்டில் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று வேர்த்தது. பக்கத்துக் கட்டில் சிங்கள ஐயா "அக்கே, தவ டிக்கக் கியவன்ன" என்றார். இன்னும் கொஞ்சம் வாசிக்கட்டாம்! தமிழே தெரியாத மனுசனுக்கு என்ன விளங்கியது? என் குரல் நித்திரை மருந்து போல இருந்திருக்கும். இருந்தாலும் அவர் கேட்டபடியால்தான் இரண்டாவது பக்கத்துக்குப் போனேன். அவருக்கும் நன்றி.

இப்போது கதைக்கு வருகிறேன். அந்தத் தங்கரத்தினம் பாவம். புருசன் கப்பலில் வேலைக்குப் போனவன், நாலு வருசமாக ஒரு தகவலும் இல்லை. போக முதல் அவன் பாண் சுட்டு விற்ற போறணை அடுப்பு அப்படியே குளிர்ந்து கிடக்கிறது. கதவைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு மற்ற வீடுகளில் சட்டி கழுவப் போகிறாள். ஊர்ச்சனம் "போறணையை மூட்டு, பாண் சுடு" என்று வற்புறுத்துகிறது. அவள் மாட்டேன் என்கிறாள். சரிதானே? அது அவனுடைய போறணை. மூட்டினால் அவன் இனி வரமாட்டான் என்று அவளே சொன்னதாகிவிடாதா? நான் என்றால் மூட்டமாட்டேன். நீங்கள் நேற்று முகத்தைச் சுளித்தீர்கள், கண்டேன்.

கடைசிக்கு முதல் அத்தியாயம் முடிந்தது. நான் எப்போதும் குத்துகிற மாதிரி, ஊசியை மூன்று தரம் உள்ளேயும் வெளியேயும் எடுத்து, கொண்டை மடிப்புப் பக்கம் இருக்கக் குத்தி, புத்தகத்தை உங்கள் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தேன். மார்ச் இரண்டாம் ஞாயிறு நீங்களே போய்க் கழற்றுங்கள்.

உங்கள் ஐறீன்

பி.கு: பிழை எத்தனை?


களுபோவில
27.02.2025

றீனி,

பிழை மூன்று. முன்னேற்றம்.

இன்று களைப்பு, அதனால் சின்னக் கடிதம். மார்ச் மாதக் கிளப்புக்கு என்னை விடமாட்டார்கள் போல. நான் போக ஏலாமல் போனால் நீ போ. பகிடி இல்லை. என் கதிரையில் இருந்து ஊசியை நீ கழற்று.

ஒரு கேள்வி. யோசித்துப் பதில் எழுது, வாயால் சொல்லாதே: தங்கரத்தினம் போறணையை மூட்டினால் என்ன பிழை?

உன் ஹெக்டர்


கொட்டாஞ்சேனை
06.04.2025, ஞாயிறு

ஹெக்கி,

இதை மெல்ரோயிடம் கொடுத்தனுப்ப ஏலாது. இருந்தாலும் எழுதுகிறேன். எழுதப் பழக்கிவிட்டுப் போனவர் நீங்கள்.

விபூதிப் புதனுக்கு அடுத்த நாள் விடிய நீங்கள் போனீர்கள். உங்கள் கேள்விக்குப் பதில் எழுதி அரைவாசியில் வைத்திருந்தேன். அந்தத் தாளை என்ன செய்வதென்று தெரியாமல் உங்கள் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன், பெட்டி மூடமுதல். அதில் கோபமாகத்தான் எழுதியிருந்தேன், மன்னியுங்கள்.

நேற்று ஒரு மாதப் பூசை. ஆட்கள் நிறைய. அந்த வார்ட்டுச் சிங்கள ஐயாவின் மனைவி மெழுகுதிரி கொண்டு வந்தார். கிளப்பிலிருந்து குமரப்பன் ஐயா, செட்டியார் தெருவில் கடை வைத்திருக்கிறவர், நெற்றி நிறையத் திருநீற்றோடு கடைசி வாங்கில் இருந்தார். எல்லோரும் முழங்காலில் நிற்க அவரும் நின்றார். எழும்பக் கஷ்டப்பட்டார். யாருக்கு எத்தனை நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போகும்போது அவர் சொன்னார்: "அம்மா, இந்த மாசம் குருத்தோலை ஞாயிறு, வருசப் பிறப்புன்னு ஆயிடுச்சு. மே மாசம் பதினோராந் தேதி கூடுறோம். நாங்க யாரும் ஊசியக் கழட்டல. நீங்க வந்தாத்தான்."

நான் சரி என்று தலையாட்டினேன். மனசுக்குள் மாட்டேன் என்று சொன்னேன். டீச்சர், பாங்க்கில் வேலை செய்கிற பிள்ளை, குமரப்பன் ஐயா, இவர்களுக்கு நடுவில் நான் எழுத்துக் கூட்டினால் உங்களுக்குத்தானே வெட்கம்? ஹெக்டரின் பெண்சாதிக்கு வாசிக்கவே தெரியாது என்று அவர்கள் அறிய வேண்டுமா? வார்ட்டில் நீங்கள் இருந்தீர்கள். அங்கே நீங்கள் இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தந்த பையில் கண்ணாடி, சாரம், புத்தகம் மூன்றும் இருக்கின்றனவாம். நான் பையைத் திறக்கவில்லை. மெஷினுக்கும் துணி போட்டு மூடியாயிற்று. தைக்கக் கேட்டு வருகிறவர்களுக்குக் கண் நோகுது என்று சொல்கிறேன்.

உங்கள் ஐறீன்


கொட்டாஞ்சேனை
12.05.2025, திங்கள், வெசாக்

ஹெக்கி,

போனேன்.

மெல்ரோய் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான். வழி முழுக்க வெசாக் பண்டிகைக்கு விளக்குக் கூடு கட்டுகிறார்கள். வெள்ளவத்தையில் இறங்கும்போது "திரும்பிப் போவமா?" என்று கேட்டேன். "அம்மா, அப்பா உங்களிட்டக் கேட்டது ஒரே ஒரு வேலை" என்று சொல்லிவிட்டு மணியை அடித்துவிட்டு ஓடிவிட்டான், கள்ளன்.

டீச்சர் கதவைத் திறந்ததும் கட்டிப்பிடித்தார். "வாங்க ஐறீன். ஒங்களக் காணாமலே பதினொரு வருசமா ஒங்கட கதையத்தான் கேட்டுக்கொண்டிருந்தம்" என்றார். எனக்கு விளங்கவில்லை. உங்கள் கதிரையில் இருத்தினார்கள். பாங்க் பிள்ளை டெனிஷா ஒரு கொப்பியைக் கொண்டு வந்தாள். கிளப்பில் கதைப்பதை அவள் எழுதி வைக்கிறவளாம். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி: ஐறீன் சொன்னது.

ஹெக்கி, நீங்கள் எனக்கு இதைச் சொல்லவே இல்லை.

டெனிஷா ஒன்றை வாசித்தாள். ஒரு நீதவானின் கதை, நினைவிருக்கிறதா? மகளின் செத்தவீட்டில் அழுவாரே. "ஐறீன் சொன்னது: அந்த மனுசன் மகளுக்காக அழேல்ல, ஆக்கள் பாக்கினம் எண்டு அழுதவர்." அதை நான் வாயில் நாலு குண்டூசியைக் கடித்துக்கொண்டு, கைமடிப்பு அடித்தபடி சொன்னது! அந்த ஒரு வரியை வைத்து அன்று பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்தார்களாம்.

"நம்ம ஹெக்டருக்குச் சொந்தக் கருத்தே கிடையாதும்மா" என்றார் குமரப்பன் ஐயா. "வந்து உக்காந்ததும் 'ஐறீன் என்ன சொன்னவ தெரியுமா?' அவ்வளவுதான். பொறகு டீ குடிப்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மார்ச்சுக்குப் பிறகு முதல் தரம். பிறகு அழுதேன், அதுவும் பரவாயில்லை என்று விட்டார்கள்.

"எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். பொய் சொல்லி அந்தக் கதிரையில் இருக்க மனம் வரவில்லை.

டீச்சர் சொன்னார்: "தெரியும். ஹெக்டர் எங்களுக்கு முதல் மாசமே சொல்லிட்டார். ஆறுதலா வாசிங்க. இருட்டினா லைட்டப் போடுவம்."

உங்களுக்கு வெட்கமாக இருக்கும் என்று நான் பயந்தது இதைத்தான். நீங்களோ முதல் மாதமே பெருமையோடு சொல்லியிருக்கிறீர்கள்.

அங்கேதான் முதல் தரம் பையைத் திறந்தேன். உங்கள் கண்ணாடியை மடியில் வைத்துக்கொண்டு புத்தகத்தை எடுத்தேன். மற்றவர்கள் தங்கள் தங்கள் ஊசியைக் கழற்றினார்கள். நானும் ஊசியில் கை வைத்தேன்.

அது நான் குத்திய ஊசிதான். ஆனால் நான் குத்தியது போல் இல்லை. ஒரே தரம், கோணலாக, கொண்டை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு. என்னுடைய ஓட்டைகள் பக்கத்தில் வரிசையாக, சும்மா இருந்தன. நாற்பது வருசம் தைக்கிறவளுக்குத் தன் கை தெரியாதா? ஆண்கள் குத்துகிற குத்து அது.

நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. கழற்றிச் சட்டையில் குத்திக்கொண்டு வாசிக்கத் தொடங்கினேன்.

பதினாறு பக்கம். ஒன்றேகால் மணித்தியாலம். ஒரு சொல்லில் நான் நின்றபோது டெனிஷா வாயைத் திறந்தாள், குமரப்பன் ஐயா அவளைக் கையமர்த்தினார். நானே கூட்டி முடித்தேன்.

தங்கரத்தினம் போறணையை மூட்டிவிட்டாள், ஹெக்கி. முதல் தட்டுப் பாண் முழுக்கக் கருகிப் போனது. அவள் வெட்கத்தில் அதைக் கொட்டப் போக, சனம் வாசலில் நின்று கேட்டு வாங்கி, கருகலைச் சுரண்டிப்போட்டுச் சாப்பிடுகிறது. அவ்வளவுதான் முடிவு. புருசன் வரவும் இல்லை, வரமாட்டான் என்று எழுதவும் இல்லை. திறப்பு அவள் இடுப்பிலேயே இருக்கிறது.

"ஐறீன் என்ன சொல்லுறீங்க?" என்று டெனிஷா பேனையைத் திறந்துகொண்டு கேட்டாள்.

"நான் நினைச்சது பிழை" என்றேன். "மூட்டினதால அவன்ட போறணை அவன்ட இல்லையெண்டு ஆகேல்ல." அதை அவள் எழுதினாள். உங்கள் கேள்விக்கு நான் வைத்திருக்கும் பதிலும் அதுதான். உங்கள் சட்டைப்பைக்குள் இருக்கிற தாளைக் கணக்கில் எடுக்காதீர்கள்.

டெனிஷாவுக்கு ஆவணியில் கல்யாணம். சாரி பிளவுஸ் தைக்க ஆள் தேடுகிறாளாம். இன்று காலை மெஷினின் துணியை எடுத்து எண்ணெய் விட்டேன். பெல்ட் இறுகிப் போய் இருக்கிறது, ஆனாலும் ஓடுகிறது.

அடுத்த மாதம் கிளப்புக்கு எல்லோருக்கும் பற்றீஸ் கொண்டு போகிறேன். ஏன் என்று கேட்டால் சும்மா என்று சொல்வேன். உங்களைக் காட்டிக்கொடுக்கமாட்டேன்.

எனக்குக் கோபமில்லை. அந்த மார்ச் ஞாயிறு வரை இருக்கமாட்டீர்கள் என்று தெரிந்துதான் வாசித்திருப்பீர்கள். வாசித்ததே நல்லது. முடிவு தெரியாமல் போகவில்லை என்று நினைக்க எனக்கு ஆறுதல். எல்லாவற்றுக்கும் நன்றி ஹெக்கி, வாசித்ததற்கும், வாசிக்க வைத்ததற்கும், என் வாயில் வந்ததையெல்லாம் பொறுக்கி வெள்ளவத்தை வரை கொண்டு போனதற்கும்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். உங்கள் கடைசிக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். போறணையை மூட்டினால் என்ன பிழை என்று நீங்கள் எனக்கு எழுதியது, ஊசியைக் கழற்ற முதலா, கழற்றின பிறகா?

உங்கள்
றீனி