வாப்பாவின் தட்டு

பத்தாங் பெர்ஜுந்தாய், மலேசியா,
14.3.1984

அன்புள்ள உம்மாவுக்கு, மகன் மீரா சாகிபு சலாம் சொல்லி எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சுகம். கை மட்டும் கொஞ்சம் சரியில்லை, பயப்படாதீர்கள்.

என் மோதிர விரல் மடங்கிப்போய் நிமிர மறுக்கிறது. கடையில் வேலை செய்யும் நாங்கள் நாலு பேரும் ஒரே பெரிய தட்டில், நம் ஊர்ச் சகனில்போல் கைபோட்டு உண்போம். முதலாளி என் விரலைப் பார்த்துவிட்டுப் பாதிச் சோற்றில் எழுப்பினார். "இது பெரிய வியாதி லா. நீ தனியா தின்னு."

ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொன்னார், உள்ளங்கை படியவில்லை. விரலில் ஊசியால் குத்தினார், கத்திவிட்டேன்.

"நல்லா வலிக்குதுல்ல? இது குஷ்டம் இல்ல. தோலுக்கு அடியில சவ்வு தடிச்சி விரல இழுக்குது. யாருக்கும் ஒட்டாது. ஆப்பரேசன் செஞ்சி நிமித்தலாம். குடும்பத்துல வேற யாருக்காச்சும் இருந்துச்சா?"

வாப்பாவின் கை, உம்மா! அவர் விரலும் இப்படித்தானே மடங்கியிருந்தது! ராத்தா கல்யாணத்தில், பெண்ணைப் பெற்றவரைப் பெரிய வாப்பா சகனில் உட்கார விட்டாரா? கோழிக்கூட்டுப் பக்கம் தனித் தட்டில் அல்லவா சோறு வைக்கச் சொன்னார்! மௌத்தாகும்வரை வாப்பாவுக்கு அந்தத் தட்டுதானே!

டாக்டரம்மா சொன்னதைக் கேட்டபின் இப்போது முதலாளி, "வா லா, உக்காரு" என்கிறார். பசித்தாலும் போகமாட்டேன். தனியாகச் சாப்பிடும்போது தொட்டுக்கொள்ள, உங்கள் எலுமிச்சை ஊறுகாயை யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள்.

திங்கட்கிழமை ஆப்பரேசன். கடையில் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன். பெரிய வாப்பா வீட்டுக் கந்தூரி விருந்துக்கு அவசியம் போங்கள். வாப்பாவின் தட்டைக் கழுவி எடுத்துப் போய், பெரிய வாப்பாவுக்கு அதில் சோறு வைக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்,
மீரா சாகிபு