தண்ணீர் என் பக்கம்தான் வரும்

பின்பாதி வீட்டுச் சின்னவளுக்கு, முன்பாதி வீட்டுப் பெரியவள் எழுதுவது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? என் உடம்பைப் பற்றி நீ கேட்கமாட்டாய் என்று தெரியும். சண்டை போட்டுவிட்டுப் போனவள் கடிதாசு எழுதுகிறாளே என்று சிரிக்காதே. போன் இருக்கிறது, ஆனால் அது என் மகனுடையது. இந்த வேனுக்குள் நான் தும்மினாலே மகன் மாத்திரை எடுக்கிறான், மருமகள் ஜன்னலைச் சாத்துகிறாள், பேத்தி போர்வையை இழுத்துக்கொள்கிறாள். இதில் உன்னோடு எங்கே பேசுவது?

ஓரகத்திகள் நாம் இரண்டு பேரும் ஒரு வீட்டைப் பாதியாகப் பிரித்துக்கொண்டு அடித்துக்கொண்டது போதாதென்று, இங்கே நாலு பேர் ஒரு வேனுக்குள். என் மகனுக்கு வேலையில் நீண்ட லீவு கிடைத்தது. பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே பலகை அடித்துப் படுக்கை போட்டு, ஊர் ஊராகக் கேம்பிங் கிளம்பிவிட்டான். என்னைத் தனியாக விட முடியாதென்று ஏற்றிக்கொண்டான். 'ஒரு மாசந்தாம்மா, காத்தாட இருக்கும்' என்றான். அந்த மாதம் எப்போதோ முடிந்துவிட்டது. காற்று நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டியதற்கு மேலேயே. நேற்று என் துண்டு பறந்தே போய்விட்டது.

இங்கே வாழ்க்கை என்றால் டப்பாவைத் திறப்பதும் மூடுவதும்தான். உப்பு வேண்டுமென்றால் இரண்டு டப்பாவை நகர்த்தி மூன்றாவதைத் திறக்க வேண்டும். சாப்பிட்ட கை காய்வதற்குள் நாற்காலியை மடி, டென்ட்டை உருட்டு, கயிற்றைச் சுற்று. ஈரத்தோடு உருட்டின டென்ட், அடுத்த இடத்தில் விரித்ததும் செத்த எலி மாதிரி நாறுகிறது. குளிக்க வரிசையில் நிற்க வேண்டும். போன இடத்தில் எனக்கு முன்னால் ஒரு லாரி டிரைவர். பாட்டுப் பாடிக்கொண்டே குளிக்கிறார், பாட்டு முடியாமல் வெளியே வருவதில்லை. ஒரு மரம் கண்ணுக்குப் பழகுவதற்குள் கிளம்பிவிடுகிறோம். விழித்ததும் கதவு எந்தப் பக்கம் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அலுத்துவிட்டது, சின்னவளே.

எனக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். எங்கே போனாலும் வேன் கோணலாகத்தான் நிற்கும். அப்படியே படுத்தால் ஒருவர் மேல் ஒருவர் உருளுவோம். அதனால் வண்டியை நிறுத்தினதும், 'அம்மா, படுத்துப் பாருங்க' என்பான். வலது பின்சக்கரம் தாழ்வு, ஒரு பலகை வை என்று நான் சொல்வேன். வைப்பான். கொத்தனார் ரசமட்டம் வைத்துப் பார்ப்பார், இவன் பெற்ற தாயை வைத்துப் பார்க்கிறான். 'எப்படி அத்தை இவ்வளவு கரெக்டா சொல்றீங்க?' என்று மருமகள் கேட்டாள். உன் சின்ன மாமனார் கற்றுக்கொடுத்தது என்றேன்.

ஆமாம், உன் வீட்டுக்காரர்தான். மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. இரண்டாவது பிரசவத்துக்கு நான் தாய் வீடு போயிருந்த சமயம் பார்த்து, கொத்தனார் பக்கத்திலேயே நின்று, தரையில் தண்ணீர் ஓடுகிற வாட்டத்தை என் பக்கம் கொடுக்க வைத்தார். கைக்குழந்தையோடு வந்து பார்த்தால், நீ உன் சமையலறையைக் கழுவுகிறாய், தண்ணீர் நடுக்கதவின் அடியால் வந்து என் அறையில் நிற்கிறது. கேட்டதற்கு, 'தண்ணி எங்கயாவது போகணும்ல அண்ணி' என்று சிரித்தார். மனுஷன் போய்ச் சேர்ந்தும் அந்த வாட்டம் போகவில்லை.

அந்தத் தண்ணீரில்தான் வழுக்கி விழுந்தேன். நீ ஓடி வந்து தூக்கினாய், இல்லை என்று சொல்லவில்லை. தூக்கிக்கொண்டே, 'கண்ணு தெரியலன்னா பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டியதுதானே அக்கா' என்றாய், அதுவும் பால்காரர் முன்னால். இனி இந்த வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்று நானும் பால்காரர் முன்னால்தான் சொன்னேன். உன் தங்கை கட்டிக்கொண்டு போய்க் கறையோடு கொண்டுவந்தாளே, என் பச்சைப் புடவை, அதைப் பற்றி இப்போது பேசவில்லை.

எழுதுகிற காரணம் வேறு. முந்தாநாள் உன் மகன் போன் செய்தான். வீடு முழுக்கத் தரையைப் பெயர்த்து, மட்டமாக டைல்ஸ் போடப் போகிறீர்களாம். நடுச்சுவரை எடுத்துவிட்டு, என் அறையில் அவன் கட்டில் போட்டுக்கொள்வானாம். 'அம்மாதான் இனிமே எங்ககூடவே இருப்பாங்களே, தாராளமா எடுத்துக்கோ' என்று என் மகன் சொல்லிவிட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்தேன். என் மகன் வீட்டில் எனக்கு ஒரு சோபா. விரித்தால் படுக்கை, விடிந்தால் மடித்துவிட வேண்டும். அதுவும் ஒரு வேன்தான், சக்கரம் மட்டும் இல்லை.

அன்று சாயங்காலம் ஓர் ஏரிக்கரையில் நிறுத்தினோம். 'படுத்துப் பாருங்கம்மா' என்றான். படுத்தேன். கால்மாட்டுப் பக்கம் நன்றாகத் தாழ்ந்திருந்தது. நம் வீட்டு வாட்டமேதான். மட்டமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

கிளம்பின நாளிலிருந்து அன்றைக்குத்தான் அசந்து தூங்கினேன். மற்ற மூன்று பேரும் சரிந்து சரிந்து என் கால்மாட்டில் வந்து குவிந்தார்களாம். விடிகிற நேரத்தில் தண்ணீர் கேனின் மூடி கழன்று, தண்ணீர் ஓடி வந்து, கீழே தொங்கிய என் காலை நனைத்தது. கண்ணைத் திறக்காமலே, 'ஏ சின்னவளே, நிறுத்துடி! என் பாய் நனையுது!' என்று கத்திவிட்டேன்.

பேத்திகூடச் சிரிக்கவில்லை. மகன் என்னைப் பார்த்தான், பிறகு இறங்கிப் போய்ச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். மருமகள்தான் பேத்தியின் நோட்டிலிருந்து தாள் கிழித்து, பேனாவோடு என் மடியில் வைத்தாள். பிழை திருத்தித் தரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், படிக்கிறவளுக்குக் குறை சொல்ல ஏதாவது வேண்டும் என்றேன்.

அதனால் சொல்கிறேன். உன் பாதியில் டைல்ஸ் போடு, கண்ணாடியே போடு, எனக்கென்ன. கொத்தனார் வந்தால் என் அறை வாசலோடு நிறுத்து. நடுச்சுவரில் கை வைக்க விடாதே. நான் கேட்டேன் என்று உன் மகனிடம் சொல்லாதே, உனக்கே மனசில்லை என்று சொல். லீவு முடிந்ததும் என்னை அங்கே இறக்கிவிடு என்று என் மகனிடம் கேட்டேன். அவன் பலகைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தான்.

பதில் போடாதே. நாங்கள் நிற்கிற இடத்துக்கு விலாசம் கிடையாது. வாசற்படியை மிதிக்கமாட்டேன் என்றாளே என்று பால்காரர் கேட்டால், அவருக்குக் காது சரியில்லை என்று சொல்லிவிடு.

முழங்காலை வைத்துக்கொண்டு குனிந்து தண்ணீரை வழித்துக்கொண்டிருக்காதே. தாராளமாக ஊற்றிக் கழுவு, என் பக்கம் வரட்டும். திட்டுவதற்கு நான் வந்துவிடுகிறேன். அதுவரைக்கும் நீ நல்லபடியாக இரு.

உன் அக்கா