கத்தரி போகிற இடம்

ஆகஸ்ட் 4, 2025, திங்கள்

லேமினேஷன் மெஷின் வந்து இரண்டு வாரமாகிறது. ஜெராக்ஸ் கடைக்குள் அதை வைக்க இடமில்லை. பின்னறையில் இருக்கும் டிரங்குப் பெட்டியைக் காலி செய்யச் சொல்லி ஆறு மாதமாக என் வீட்டுக்காரர் அசோக்கிடம் மன்றாடுகிறேன். பெட்டி நிறைய, அவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தபோது எடுத்த நெகட்டிவ்கள். ஒவ்வொன்றாகப் பார்த்துக் கழிக்கிறாராம். காலையில் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார், மாலையிலும் ஓட்டுகிறார், நடுவில் தூங்குகிறார். எப்போது பார்ப்பார்?

மாதக் கடைசி வரைதான், அப்புறம் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடுவேன் என்று சொல்லிவிட்டேன்.

"போன போகிக்கு ஒரு மூட்டை நெகட்டிவ் கொளுத்துனியே பரிமளா, அதுல மனசு ஆறலியா?" என்றார். அந்தப் புகையில் தெருவே இருமியது.

ஆகஸ்ட் 6, புதன்

"இங்க போட்டோ புடிக்கிற அண்ணன் இருந்தாரே, இன்னா ஆனாரு?" என்று கேட்டுக்கொண்டே ஒரு பெண் வந்தாள். பெயர் ஜெயம்மா. என் வயதுதான் இருக்கும். மாகறல் பக்கத்து இருளர் குடியிருப்பு. கூடவே மகள் இந்து, 29ஆம் தேதி கல்யாணம்.

தொண்ணூற்றெட்டில் தொகுப்பு வீட்டு மனுவுக்காக அசோக் அவர்கள் குடியிருப்புக்கே போய் எல்லாரையும் படம் எடுத்திருக்கிறார். ஜெயம்மாவின் கணவர் காசி வாழ்நாளில் எடுத்துக்கொண்ட படம் அது ஒன்றுதான். மனுவில் ஒட்டியது போக மிச்சமிருந்ததைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தாராம். இந்து வயிற்றில் இருந்தபோது காய்ச்சலில் போய்விட்டார்.

"அந்த சட்டையோடவே பொதைச்சிட்டோம்மா. பையில படம் கீதுன்னு எனுக்கு நெனப்பே வரல."

கல்யாணத்தன்று அப்பா படத்துக்கு விளக்கேற்றிவிட்டுத்தான் பெண் மணையில் உட்கார வேண்டுமாம்.

இந்து அதிகம் பேசவில்லை. "நான் அவர மாதிரியே கீறேன்னு எல்லாரும் சொல்றாங்க ஆன்ட்டி. கண்ணாடியில என்ன நானே பாத்துக்கினு, இப்டிதான் இருந்திருப்பாருன்னு நெனச்சிக்கிறேன்" என்றாள்.

அடையாளம் ஒன்று உண்டு. காசிக்கு முள் குத்தி இடது கண் வெள்ளையாகிவிட்டதாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஆள் தெரிவதில்லை. முடி வெள்ளை, பல் கறுப்பு, எல்லாரும் பேய். கவர்களின் மேல் "98 வெளி" என்று மட்டும் எழுதியிருக்கிறார் மகாராசன். எந்த வெளி, யார் கண்டது?

ஸ்கேனரைத் தூசி தட்டி எடுத்தேன். மூடியிலும் விளக்கு எரிகிற ரகம். எல்லா நெகட்டிவையும் ஏற்றிவிடுகிறேன் பார் என்று சபதம் போட்டு ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கி வந்தவர், அதன் மேல் பேப்பர் அடுக்கி வைத்திருந்தார். கண்ணாடியில் ஆறு துண்டு ஃபிலிமை வரிசையாக வைத்தால், துண்டுக்கு ஆறு படம், ஒரு ரோல் அடங்கிவிடுகிறது. கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையை மாற்றி ஒரே தாளில் பிரிண்ட். தபால்தலை அளவில் முகங்கள். இதற்குப் பெயர் காண்டாக்ட் ஷீட்டாம்.

"மினுக்குப் பக்கம் மேல, மங்கல் பக்கம் கீழ. டார்க் ரூம்ல இருவது வருஷம் வெச்சவன் சொல்றேன்" என்றார். அப்படியே வைத்தேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒன்பது தாள் ஆயிற்று. குடியிருப்பு ரோல் கிடைத்துவிட்டது! ஆனால் ஒவ்வொரு படத்திலும் இரண்டு பேர். கேட்டால் சிரிக்கிறார். ஃபிலிம் மிச்சம் பிடிக்க இரண்டிரண்டு பேராகப் பெஞ்சில் உட்கார வைத்து எடுப்பாராம், பிரிண்டை நடுவில் வெட்டி ஆளுக்குப் பாதி.

"கத்தரி போக எடம் வுட்டு குந்துங்கன்னு சொல்லிடுவேன்."

கஞ்சன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஜெயம்மாவும் இந்துவும் வந்தார்கள். பூதக்கண்ணாடி கொடுத்தேன். ஜெயம்மா ஒரு மணி நேரம் பார்த்தாள். ஒரு படத்தில் விரல் நின்றது.

"சாடை கீது." கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "இல்லம்மா. இவருக்கு சோத்தாங்கை பக்கத்து கண்ணு வெள்ளையா கீது. எங்காளுக்கு பீச்சாங்கை பக்கம். எதிர்ல நின்னு பாத்த மூஞ்சி, எனுக்குத் தெரியாதா?"

இந்து எழுந்து வாசலுக்குப் போய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குப் போகி மூட்டைதான் ஞாபகம் வந்தது. காசி அதில்தான் இருந்திருப்பார். அவளுக்குக் கெடச்சிருக்க வேண்டிய ஒரே மூஞ்சி, நான் பாட்டுக்கு வாசல்ல போட்டு கொளுத்திட்டேன். என்னத்துக்கு? எடம் அடைக்குதாம், எடம்! வாய் திறந்து சொல்லவும் இல்லை. "வேற கவர் இருக்கான்னு பாக்கறேன்" என்று பொய் சொல்லி அனுப்பினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கடை திறக்கவில்லை. அசோக்கோடு பேசவும் இல்லை, அவர்மேல் ஒரு தப்பும் இல்லாவிட்டாலும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அவர்மேல்தான் தப்பு!

ரஃப் பிரிண்டுக்குத் தாள் தீர்ந்துபோய், பின்பக்கம் காலியாக இருக்கிறதே என்று அந்தக் காண்டாக்ட் ஷீட்டை எடுத்தேன். சும்மா ஒரு தடவை பார்த்தேன். அத்தனை பெண்களுக்கும் முந்தானை வலது தோளில். ஒருத்தி இரண்டு பேர் என்றால் சரி, ஒரு குடியிருப்பே வடக்கத்தி சேட்டம்மா மாதிரியா கட்டும்? ஆண்களைப் பார்த்தேன். சட்டைப் பையும் வலது பக்கம்.

தூங்கிக்கொண்டிருந்தவரை உலுக்கி எழுப்பிக் காட்டினேன். பார்த்தார், தலையில் அடித்துக்கொண்டார். டார்க் ரூமில் மேலிருந்து வெளிச்சம் வந்து கீழே இருக்கிற பேப்பரில் படம் விழும், அதற்கு மினுக்குப் பக்கம் மேலே. ஸ்கேனர் கீழேயிருந்து பார்க்கிறது. ஒன்பது தாளும் இடம் வலமாக மாறியிருக்கிறது.

கம்ப்யூட்டரிலேயே திருப்பிவிடலாம். மனசு கேட்கவில்லை. ஃபிலிமை எடுத்து மினுக்குப் பக்கம் கீழே வைத்து மறுபடியும் ஸ்கேன் செய்தேன். ஜெயம்மா விரல் வைத்த அதே ஆள். இடது கண் வெள்ளை. நெற்றியும் மூக்கும் இந்துவேதான். கடையில் உட்கார்ந்து அழுதேன், எழுத வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

அந்த ஒரு படத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். ஜெயம்மா பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இந்து படத்தைத் தொடவில்லை. குனிந்து, வெகுநேரம் பார்த்தாள்.

"பக்கத்துல இது யாரு, சின்னப் பொண்ணு?" என்றாள் ஜெயம்மா.

"நீதாம்மா" என்றாள் இந்து.

வெட்டிய பாதிகளைத்தானே அன்று கையில் கொடுத்தார்கள். புருஷனோடு ஒரே படத்தில் இருந்தது இருபத்தேழு வருஷமாக அவளுக்குத் தெரியவே தெரியாது. இருவருக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி.

"ஒட்டித்தான் குந்த வந்தாரு. அண்ணன்தான் தள்ளி குந்துன்னுச்சி" என்றாள். அசோக் தரையைப் பார்த்தார்.

உயிரோடு இருப்பவள் படத்துக்கு விளக்கேற்ற முடியாது. வெட்டித்தான் ஆக வேண்டும். காசியை மட்டும் தனியாக ஒரு பிரிண்ட் போட்டேன். முழுப்படத்தை இந்து கேட்டு வாங்கிக்கொண்டாள். இடைவெளியைக் கம்ப்யூட்டரில் சேர்த்துத் தரட்டுமா என்றேன்.

"வாணாம் ஆன்ட்டி, அப்டியே இருக்கட்டும். அவங்க குந்திக்கினு இருந்தது அப்டித்தானே."

போகி மூட்டையைப் பற்றி ஜெயம்மாவிடம் சொல்லிவிட்டேன். "எங்காளு தப்பிச்சிட்டாரு, வுடும்மா" என்றாள். காசி தப்பித்தார், சரி. அந்த மூட்டையில் வேறு யார் யார் இருந்தார்களோ.

ஆகஸ்ட் 23, சனி

லேமினேஷன் மெஷினை டிரங்குப் பெட்டியின் மேல் வைத்தாயிற்று. இருபத்து மூன்று காண்டாக்ட் ஷீட் முடிந்தது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

கல்யாணத்துக்குப் போய் வந்தோம். காசி படத்துக்குச் சாமந்தி மாலை. இந்து விளக்கேற்றிவிட்டு, நமஸ்காரம் பண்ணாமல் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ தோளைத் தொட்டுக் கூட்டிப்போனார்கள்.

தாலி கட்டி முடிந்ததும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பெஞ்சில் உட்கார வைத்து அசோக் செல்போனில் படம் எடுத்தார். கூச்சத்தில் இரண்டும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தன.

"ஒட்டி குந்துங்கப்பா" என்றார். கொஞ்சம் நகர்ந்தார்கள். அவருக்குப் போதவில்லை. கிட்டே போய் மாப்பிள்ளை தோளைப் பிடித்துத் தள்ளினார்.

"இன்னும். நடுவுல எடமே இருக்கக்கூடாது."