வலப்பக்கத்துக் கொக்கிகள்

இன்று காலை ஜீப்பின் பின்கதவைத் திறந்ததும் அந்த வாசம் முகத்தில் அடித்தது. வெயிலில் காய்ந்த ரப்பரும் மெழுகும் கலந்த வாசம். நீ போனபிறகு ஒருமுறைகூட நான் அந்தக் கதவைத் தொடவில்லை. மந்தாரக்குப்பத்தில் உன் வீட்டுச் சந்துக்குள் ஜீப் நுழையாது என்று வாங்கிய நாளிலேயே அதை என் வீட்டு வேப்பமரத்தடியில் கொண்டுவந்து நிறுத்தினாயே, இன்னும் அங்கேதான் நிற்கிறது. நாளை அதை விலைக்குக் கேட்டு ஒருவர் வருகிறாராம். உன் மகன் போனில் சொன்னான்.

"உள்ள இருக்குற படுக்கை மேடைய மட்டும் எடுத்துடணுமாம் ஆன்ட்டி, அவருக்கு சீட்டு போடணுமாம். இல்ல, நீங்களே வண்டிய வச்சிக்கிறதுன்னா இன்னும் சந்தோஷம். அம்மாவும் அதான் நெனச்சிருப்பாங்க."

அம்மா என்ன நினைத்தாள் என்பதுதானே எனக்கு விளங்காமல் இருக்கிறது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

இந்த மேடைக்கு விதை போட்டவன் ஒரு லாட்ஜ்காரன். நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலையிலிருந்தும் நான் பள்ளிக்கூட ஆபீசிலிருந்தும் ஓய்வுபெற்ற பிறகு ஊர் சுற்றலாம் என்று கிளம்பிய முதல் பயணம் அது. நாம் இருவரும் பையோடு நின்றதைப் பார்த்துவிட்டு, "ஆம்பளைங்க யாரும் கூட வரலீங்களா?" என்று கேட்டான்.

"வந்தாங்க. தொணதொணன்னு பேசிக்கினே வந்தாங்க, வழியிலயே எறக்கி வுட்டுட்டோம்" என்றாய்.

அவன் சிரிக்கவும் இல்லை, அறை கொடுக்கவும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ சொன்னாய், "நம்மூர்ல பழைய ஜீப்புக்கா பஞ்சம்? படுக்கையோட போவோம்டி. இவனுங்க மூஞ்சியிலயே முழிக்க வேணாம்." விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று இருந்தேன். நிலக்கரி மைன்ஸ் சேற்றில் ஏறி இறங்கிக் களைத்த ஒரு ஜீப்பை ஒரு காண்ட்ராக்டரிடமிருந்து வாங்கி, அதை நீயே ஓட்டிக்கொண்டு வந்து என் வாசலில் ஹாரன் அடித்தாய். முதலில் கல்வராயன் மலை, மற்றதெல்லாம் பிறகு என்றும் அறிவித்துவிட்டாய்.

மேடை விஷயத்தில் நமக்குள் சண்டை. ஒரே பலகையாகப் போட்டு அடியில் சாமானைத் தள்ளிவிடலாம், எடுக்கும்போது ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ளலாம் என்றேன்.

"உன் இடது தோள வச்சிக்கினா? கைய தூக்கி தலை வாரவே உனக்கு வரமாட்டேங்குது. பலகை வேணாம். மூணு பொட்டி போடுவோம். உள்ள அரிசி, அடுப்பு, துணிமணி. மூடிமேல படுக்கை. ஒவ்வொண்ணையும் ஒரே ஆளு ஒத்தக்கையால இழுக்குற மாதிரி இருக்கணும்."

"நாமதான் ரெண்டு பேரு இருக்கோமே."

"இருக்கோம், இருக்கோம். சொன்னா கேளு."

ஆசாரி வந்து உன் சொல்படியே மூன்று பெட்டிகளை அடித்தார். எடை குறைந்த பலகையாகப் பார்த்து நீயே எடுத்துக் கொடுத்தாய். மாதா கோயிலில் எரிந்து மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டுகளைப் பை நிறைய கொண்டுவந்து பெட்டிகளின் அடியிலும் தரையிலும் தேய்தேயென்று தேய்த்தாய், வழுக்கிக்கொண்டு வரட்டும் என்று. பழைய இரும்புக் கடையிலிருந்து தேய்ந்த கன்வேயர் பெல்ட் ரப்பரை வாங்கி மூடிகளின்மேல் ஒட்டினாய். இத்தனை வருஷம் கரியைச் சுமந்த பெல்ட், நாம் ஒன்றும் அதற்குப் பாரமில்லை என்றாய்.

குலுக்கலில் பெட்டி நகராமல் இருக்கக் கொக்கிகள் வைத்தீர்கள். மூன்றும் வலப்பக்கம். நீயோ இடக்கைக்காரி. உன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டு உன் முழங்கையிடம் இடி வாங்கியவள் நான். கொக்கியைக் கழற்ற ஒவ்வொரு தடவையும் நீ உடம்பைக் குறுக்கே வளைத்துக் கதவு விளிம்பில் கையைச் சிராய்த்துக்கொண்டாய்.

"ஆசாரி மாத்தி அடிச்சிட்டாரு. புடுங்கி இந்தப் பக்கம் அடிக்கச் சொல்லேன்" என்றேன்.

"இருக்கட்டும் வுடு. இதுக்கொரு தடவ அவர கூப்பிடணுமா?"

நூல் அளவு பிசகினாலும் அவரைப் பிரிக்கவைத்தவள் நீ. இதற்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்தப் பொறுமை என்று எனக்கு அன்று தோன்றவில்லை. அடிக்கடி, "லைசென்ஸ புதுப்பிச்சியா?" என்று நச்சரித்தாயே, அதுவும் தோன்றவில்லை.

ஒரு மத்தியானம் மைன்ஸ் மண்மேட்டுப் பக்கம் வண்டியை நிறுத்தி மேடையைச் சோதித்துப் பார்த்தோம். ரப்பர் சுடுகிறது, கால் நீட்ட இடமில்லை, கொசு என்று நான் புலம்பிக்கொண்டே இருந்தேன். திரும்பிப் பார்த்தால் நீ தூங்கிவிட்டிருந்தாய். அப்புறம் மழை வந்தது. மலைப்பயணம் தள்ளிப்போனது. அப்புறம் நீ படுத்தாய். வயிற்றில் கட்டி வந்து ரொம்ப நாளாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது உன் மகன் அழுதான். நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்றிலிருந்து எனக்கு இதே குடைச்சல். ஊரார் வயிற்றைத் தொட்டுப் பார்த்தே நோய் சொன்ன உனக்கு உன் வயிறு தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்திருந்தால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாயா? தெரியவில்லை என்றால், ஒற்றை ஆள் இழுக்கிற பெட்டி எதற்கு? இந்தப் புலம்பல்காரியை விட்டுவிட்டுத் தனியாகப் போகத் திட்டம் போட்டிருந்தாயோ? இப்படி நினைத்துச் சில நாள் உன்மேல் கோபப்பட்டும் இருக்கிறேன். எது உண்மையாக இருந்தால் எனக்கு நல்லது என்றும் தெரியவில்லை.

மேடையை எடுக்க இன்று யாரையாவது கூப்பிடலாம் என்றுதான் இருந்தேன். சும்மா ஒரு கொக்கியைத் தொட்டுப் பார்த்தேன். கையைத் தூக்க வேண்டியிருக்கவில்லை, வளைய வேண்டியிருக்கவில்லை. என் இடுப்பு உயரத்தில், என் வலது கை தானாகப் போகிற இடத்தில் இருந்தது. கழற்றி இழுத்தேன். காலிப் பெட்டி மெழுகில் வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்ததும் வந்தது, மூன்றாவதும் வந்தது. மூன்று பெட்டியும் தரையில் இருந்தன. என் இடது கைக்கு ஒரு வேலையும் இல்லாமல் போயிருந்தது.

ஆசாரி மாற்றி அடிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

தெரிந்திருக்கிறது உனக்கு. ஊசி குத்தி முடித்த பிறகு "அவ்ளோதாம்மா" என்கிற நர்ஸ் புத்தியை என்னிடமும் காட்டிவிட்டாய். ஆனால் எப்போதிலிருந்து தெரியும்? அந்த பஸ்ஸிலேயே தெரியுமா? மண்மேட்டுப் பக்கம் நீ தூங்கினாயா, வலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தாயா? நான் கொசுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேனே.

உன் மகனுக்குப் போன் செய்து, "அவர வரவேணாம்னு சொல்லிடுப்பா" என்றேன். பெட்டிகளை ஒவ்வொன்றாக வண்டி விளிம்பில் சாய்த்து ஒற்றைக் கையாலேயே ஏற்றித் தள்ளிக் கொக்கி மாட்டினேன். கையில் இன்னும் மெழுகு வாசம் இருக்கிறது. லைசென்ஸும் புதுப்பித்துத்தான் இருக்கிறது. மழைக்கு முன்னால் கல்வராயன் மலைக்குக் கிளம்பிவிடுவேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். ஒற்றைக் கைக்கு என்று கொக்கி வைத்தவள், மேடையை இரண்டு பேர் அகலத்துக்கு ஏன் போட்டாய்? நான் அதில் நடுவில் படுப்பதா, என் ஓரத்திலேயே படுப்பதா?