முடி வளரும் வரை

கல்லடி, மட்டக்களப்பு.

அன்புள்ள அம்மாவுக்கு இசக்கிமுத்து எழுதுவது. உங்கள் மூட்டுவலி இப்போது தேவலையா? நான் சௌக்கியம். ஐஸ் பாக்டரி எஞ்சினும் ஒழுங்காக ஓடுகிறது.

தந்தி கிடைத்தும் செண்பகத்தின் முகத்தைப் பார்க்க வர முடியவில்லை. அங்கே நீங்கள் அவளுக்குக் கருமாதி செய்த அன்று, நானும் இங்கே மொட்டையடித்து, மீசை எடுத்து, கடலில் முழுகினேன். ஈர வேட்டியோடு கரையேறியதும் மீன்பிடிக்காரர்கள் சுற்றிக்கொண்டார்கள். இந்தியாவிலிருந்து திருட்டுப் படகில் வந்து இறங்கியவன் என்று நினைத்துவிட்டார்கள்.

“கள்ளத்தோணி! உன்ட தோணி எங்கடா?”

“ஐஸ் பாக்டரி மெக்கானிக் நான்” என்றேன்.

“அந்த ஆளுக்கு முடியும் மீசையும் இருக்கு. ஆருக்குக் கதை விடுறாய்?”

போலீஸ் ஸ்டேஷனில் பாஸ்போர்ட்டைக் காட்டியும், படத்தில் இருப்பது நான் இல்லை என்றார்கள். வீட்டுக்கார ஜோசப்பின் அக்கா வந்து, “பொஞ்சாதி செத்த மனிசனையா புடிச்சி வெச்சிருக்கிறீங்க?” என்று சத்தம் போட்ட பிறகுதான் விட்டார்கள். யாரும் அடிக்கவில்லை, பயப்படாதீர்கள்.

“முடி வளரும் வரைக்கும் கடற்கரைப் பக்கம் போகாதீங்க தம்பி. மறுகா புடிச்சா எங்களால ஒண்டும் செய்ய ஏலாது” என்றார் இன்ஸ்பெக்டர்.

அதனால் அடுத்த மாதம் அவள் திதிக்கும் நான் கடலில் இறங்க முடியாது. தம்பியை எள்ளும் தண்ணீரும் இறைக்கச் சொல்லுங்கள்.

அவள் காய்ச்சி வைத்த தலை எண்ணெய் பாட்டிலில் மிச்சம் இருந்தால் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு அனுப்புங்கள். முடி சீக்கிரம் வளர வேண்டும்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது, அம்மா.

இசக்கிமுத்து