ஐஸ் கட்டியில் பற்றிய அடுப்பு

பங்குனி 14, வெள்ளி

குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போனவர்கள், ஒருவர் விடாமல்: நான். என் வீட்டுக்காரர். மகள் தேன்மொழி, ஐந்தாம் மாதம். கொழுந்தன் செல்வம் (இனி செ. என்றே எழுதுவேன், முழுப்பெயருக்கு மை தண்டம்). அவன் பெண்டாட்டி ரேவதி. வேன் டிரைவர். அங்கே போனதும் பூசாரி. மருமகன் வரவில்லை, ஓசூரில் லீவு தரவில்லையாம். இத்தனை பேரில் உருப்படியாக வேலை செய்தவர்களை எண்ண ஒரு கை விரலே ஜாஸ்தி.

விடிந்ததுமே வெயில். மலை உச்சியில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

தேனுவுக்கு இரண்டு முறை தங்காமல் போனது. இந்த முறை தங்கினால் ஐந்தாம் மாதம் முடிவதற்குள் அவளைக் கூட்டிவந்து பொங்கல் வைக்கிறேன் என்று தை மாதம் அம்மனிடம் சொல்லிவிட்டு வந்திருந்தேன். சொன்னால் சொன்னதுதான்.

அம்மன் இருப்பது கீழ்பென்னாத்தூர் தாண்டி, காப்புக்காட்டு ஓரம். கூரை கிடையாது. கல், சூலம், வேப்பமரம். அவள் எல்லைக்கல்லைத் தாண்டித் தீப்பெட்டி உரசக்கூடாது. அடுப்புக்கு நெருப்பு எங்கள் வீட்டு விளக்கிலிருந்துதான் போகவேண்டும். விளக்கில் வரட்டியைக் காட்டி, கங்கானதும் மண்சட்டியில் போட்டு, மேலே சாம்பல் தூவி எடுத்துப் போவேன். மாமியார் கையிலிருந்து என் கைக்கு வந்த வேலை. ஒரு தடவைகூட அணைந்தது இல்லை.

இன்று அணைந்தது.

செ. பிடித்து வந்தது ஏசி வேன். கண்ணாடி ஏற்றி, கதவைச் சாத்தி, உள்ளே கங்குச் சட்டி. புகை வராமல் மல்லிகை வாசமா வரும். கீழ்பென்னாத்தூர் வரும்போது தேனுவுக்குக் குமட்டல். வண்டியை நிறுத்தி, அவளை இறக்கி முகம் கழுவிவிட்டு ஏறினால், சட்டி பின்சீட்டில். மேலே நனைத்த துண்டு, இறுக்கி.

"யார் மூடினது?" என்றேன்.

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். செ. சொன்னான்: "புகை தாங்கல அண்ணி. கொஞ்ச நேரந்தானே."

யார் என்று புரிந்துவிட்டது. துண்டை எடுத்தேன். சாம்பலைக் கிளறினால் கங்கு வீணாகும் என்று உள்ளே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாதி வழியிலேயே திரும்பியிருக்கலாம்.

அங்கே போய்க் கிளறினேன். கருப்பு. ஒரு பொறி இல்லை.

பிறகு ஆளுக்கு ஒரு யோசனை.

ரேவதி: "அக்கா, என் பையில லைட்டர் இருக்குது. யாருக்குத் தெரியப்போவுது?" (அம்மன் முன்னால் நின்றுகொண்டு.)

டிரைவர்: "பக்கத்து ஊர்ல யார் ஊட்லயாவது கேட்டு எடுத்தாரட்டுமா?" (அடுத்த வீட்டு நெருப்பு எதற்கு. இருந்தாலும் பாவம், வேலை செய்ய வந்த ஒரே ஆள்.)

பூசாரி வெற்றிலையை மென்றபடி: "அம்மா உத்தரவு இல்லாம நான் இன்னா சொல்றது?"

வீட்டுக்காரர்: வானத்தைப் பார்த்தார்.

ராகுகாலம் முடிந்து, உச்சி சாய்வதற்குள் பொங்கவேண்டும். திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக்குப் போய் வேறு கங்கு எடுத்துத் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். அப்போது செ. வாயைத் திறந்தான்.

"அண்ணி, ஜூஸுக்கு வாங்கின ஐஸ் இருக்குது. அதுலயே பத்த வெச்சிடலாம்."

டிரைவர் சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை.

கை வலிக்கிறது. பாத்திரம் அப்படியே கிடக்கிறது. மீதி நாளை.

பங்குனி 15, சனி

காலை பால் திரிந்தது. தயிர்க்காரம்மா வரவில்லை. தேனு எழுந்து இரண்டு வாய் இட்லி, அதோடு சரி.

செ. பற்றி ஒரு வார்த்தை. நான் கல்யாணமாகி வந்தபோது அரை டிராயர். பிறகு சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனி, நல்ல சம்பளம். போன வருஷம் விட்டுவிட்டான். இப்போது பட்டணத்து ஆட்களை மலைக்குக் கூட்டிப்போய் முகாம் போடுகிறான். இலையில் படுப்பதற்கும் கல்லில் சமைப்பதற்கும் அவர்கள் இவனுக்குப் பணம் தருகிறார்கள். எங்கள் அப்பா வீட்டில் அதைச் சும்மாவே செய்தோம், அதற்கு ஏழ்மை என்று பெயர்.

நேற்று நடந்தது:

ஐஸ் கட்டி நடுவில் பால் வெள்ளை, ஓரத்தில் கண்ணாடி மாதிரி. அந்த ஓரத்தைப் பூசாரியின் கொடுவாளால் தட்டி எடுத்தான். மாவிளக்குக்கு மாவு பிசைய நான் வைத்திருந்த வெண்கலக் கிண்ணம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கேட்காமல் எடுத்து, ஐஸை உள்ளே போட்டு உரசி உரசித் திருப்பினான்.

"தம்பி, அது சாமிக்கு வெச்ச கிண்ணம்."

"தண்ணிதானே அண்ணி. கழுவின மாதிரி ஆச்சு."

இதற்கெல்லாம் பதில் தயாராக இருக்கும்.

கிண்ணத்தின் சூட்டில் ஐஸ் கரைந்து, ஒரு பக்கம் இட்லி மாதிரி உப்பியது. மறுபக்கத்தையும் அப்படியே. தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் வேப்பமரம் தலைகீழாகத் தெரிந்தது. அதைக் காட்டி எல்லோரையும் பார்த்தான், நாங்கள் கை தட்டவேண்டும் போல. யாரும் தட்டவில்லை.

முதலில் பூதக்கண்ணாடி மாதிரி அதில் வெயிலைக் குவித்து, கற்பூரத்தின்மேல் வெளிச்சத்தை இறக்கினான். கற்பூரம் சும்மா கிடந்தது. "வெள்ளை அண்ணி, வெளிச்சத்தை அப்டியே திருப்பி அனுப்பிடும்" என்று பாடம். தெரிந்த ஆள் அதை ஏன் முதலில் வைத்தாய் என்று கேட்டேன். குனிந்து புல் பிடுங்க ஆரம்பித்தான்.

அடுத்து காய்ந்த புல். புகை வரும்போல இருந்தது, அதற்குள் ஐஸ் தண்ணீர் சொட்டிப் புல் நனைந்தது. கட்டி அப்பளமாக மெலிந்து உடைந்தது. டிரைவர் சொன்னான்: "சார், மிச்சத்தையாவது ஜூஸ்ல போடுங்க."

ரேவதி செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தாள். புருஷன் தோற்பதையும் விடாமல் எடுக்கிற பெண்டாட்டி.

இரண்டாவது துண்டு. மறுபடி கிண்ணம், மறுபடி உரசல். ராகுகாலம் முடிந்துவிட்டது. வெயில் நேர் உச்சியில். தேனு மரத்தடியில் மடித்த புடவைமேல் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை. வயிற்றில் கை. அவள் உதடு அசைந்ததை நான் மட்டும் பார்த்தேன்.

செ. சுற்றும்முற்றும் பார்த்தான். என் சட்டிக்குள் கை விட்டு, அணைந்துபோன வரட்டி ஒன்றை எடுத்தான். "கருப்பா இருந்தாத்தான் புடிக்கும்." ஐஸைச் சாய்த்துப் பிடித்தான், தண்ணீர் ஓரமாக வழிகிற மாதிரி. வரட்டியின் கரிந்த விளிம்பில் மிளகளவு வெளிச்சம். அது ஆடாமல் நிற்கவேண்டும். அவன் விரல்கள் வெளுத்துப் போயின. பங்குனி வெயிலில் ஒருவன் குளிரில் நடுங்கி நேற்றுதான் பார்த்தேன்.

நூல் மாதிரிப் புகை. பிறகு ஒரு சிவப்புப் புள்ளி.

"அண்ணி, நாரு."

தேங்காய்நார் என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று தெரியவில்லை. வைத்தேன். அவன் ஊதினான், நானும் ஊதினேன். தலைகள் முட்டிக்கொண்டன. தீ வந்தது.

பற்றியது, ஒத்துக்கொள்கிறேன். அதற்காக அவனைக் கெட்டிக்காரன் என்று எழுத மாட்டேன். அணைத்தவனே பற்றவைத்தான், கணக்கு நேராகிவிட்டது, அவ்வளவுதான்.

பால் கிழக்கே பொங்கியது. நல்லபடியாகத்தான் பொங்கியது. இலையில் எடுத்து வைக்கும்போது ரேவதி ஆரம்பித்தாள்.

"ஏன்க்கா, இது நம்ம வீட்டு நெருப்பு இல்லையே. வேண்டுதல்ல சேருமா?"

லைட்டர் நீட்டிய வாய். அதை நான் திருப்பிச் சொல்வதற்குள் தேனு கேட்டுவிட்டாள். கையிலிருந்த இலையை அப்படியே கீழே வைத்தாள்.

பூசாரியிடம் கேட்டேன். கரியாகிப் போயிருந்தாலும் வரட்டி எங்கள் விளக்கில் பற்றியது. அதன்மேல்தான் மறுபடி பிடித்தது. இது பழைய நெருப்பா புது நெருப்பா. அவர் மோவாயைச் சொறிந்தார். "பூ கேட்டுட்லாம்மா." சூலத்தின் இரண்டு பக்கமும் ஈரத்தில் ஒவ்வொரு பூ ஒட்டினார். வலது விழுந்தால் அம்மன் ஏற்றுக்கொண்டாள். இடது விழுந்தால் மறுபடி வைக்கவேண்டும். உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்தது. இரண்டும் விழவில்லை.

"நீங்க போங்கமா. நான் பாத்துக்கினு இருக்கேன். எது வுழுதோ போன் பண்றேன்."

பங்குனி 17, திங்கள்

புழுக்கம். மோட்டார் ஓடவில்லை, குழாயில் நூல் தண்ணீர்.

பூசாரி போன் இல்லை. நானே செய்தேன். "வுழுலம்மா. காஞ்சிகினு அப்டியே நிக்குது." பிறகு குரலைத் தாழ்த்தி: "ஒரு கெடா வெட்னா அம்மா சீக்கிரம் வாய் தொறப்பா." வாய் திறக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியாதா. எங்கள் அம்மனுக்குப் பொங்கல் மட்டும்தான், அவருக்கும் தெரியும். போனை வைத்துவிட்டேன்.

ரேவதி அந்தப் படத்தைச் சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டிருக்கிறாள். கீழே எல்லோரும் கட்டைவிரல். பெரிய நாத்தனார் எழுதியது: "விஞ்ஞானமும் மெய்ஞ்ஞானமும்." தேனு எப்படி இருக்கிறாள் என்று ஒருத்தர் கேட்கவில்லை.

துணி உலர்த்தும்போது மாடியில் தேனு போனில் மாப்பிள்ளையிடம்: "அம்மா எதுவும் சொல்லல... பூ இன்னும் விழலையாம்... இல்லங்க, நான் பைத்தியமாட்டம் பேசல. போன தடவையும் எல்லாம் நல்லாருக்குதுன்னுதானே சொன்னாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் என்று கேட்கவில்லை. இவள் "சரி, சரி" என்றாள், வெகுநேரம்.

பங்குனி 18, செவ்வாய்

ஸ்கேன். குழந்தை நன்றாக இருக்கிறது. இதயத் துடிப்பைக் கேட்கவைத்தார்கள். டாக்டரம்மா சின்னப் பெண், தேனுவைவிட இளையவளாக இருப்பாள். சொன்னது: தூக்கம் வேண்டும், இரும்பு மாத்திரை, இனிமேல் வண்டியில் தூரப் பயணம் கூடாது.

ஆக, மறுபடி வை என்று அம்மன் சொன்னால் இவளை எப்படிக் கூட்டிப்போவது. ஐந்தாம் மாதம் முடியப்போகிறது.

வரும்போது ஆட்டோவில் கேட்டாள்: "டாக்டர் சொன்னா போதுமாம்மா?"

"போதும்" என்றேன். நம்பவில்லை அவள். நானும் உரக்கச் சொல்லவில்லை.

சாயந்திரம் அடுக்களை வாசலில் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். தாமாக வந்து நிற்கிற ஆள் இல்லை.

"சட்டிய மூடினது நான்."

"எந்தச் சட்டி?"

"வேன்ல. பொண்ணு மூச்சு வாங்குனா. துண்ட நனைச்சு அமுக்கிட்டேன்."

அடுப்பைச் சின்னதாக்கினேன். "உங்க தம்பி, உங்க தம்பின்னு நாலு நாளா நான் கத்தறேன். கேட்டுக்கினு இருந்தீங்க."

"அவன்தான் சொல்லாதண்ணான்னான். என்னைத் திட்றது அண்ணிக்குப் பழக்கம், ஒண்ணும் ஆவாது, நீன்னு தெரிஞ்சா உனக்குச் சோறு போடாதுன்னான்."

அம்மனுக்குப் பயப்படவில்லை, என் அடுப்புக்குப் பயம். இவ்வளவு வருஷம் ஒரே கூரையில் இருந்தும் ஒரு ஈரத் துண்டைப் பற்றிச் சொல்ல இவருக்குத் துணிச்சல் வர நாலு நாள் ஆகிறது. அதற்கும் தம்பியிடம் யோசனை. இவன் இத்தனை திட்டும் வாங்கிக்கொண்டு ஐஸைப் பிடித்து நின்றிருக்கிறான். அசடு. நல்லவனாக இருப்பதைக்கூட யாருக்கும் பிரயோஜனம் இல்லாமல் செய்கிற அசடு.

சோறு போட்டேன். ரசம் ஊற்றவில்லை. அவரும் கேட்கவில்லை.

பங்குனி 20, வியாழன்

வடக்கே கொஞ்சம் மேகம், ஒன்றுக்கும் உதவாதது. காலை செ. போன்.

"அண்ணி, பூ விழுந்துதா?"

"இல்ல."

"வேணும்னா நானும் அண்ணனும் மட்டும் போயி மறுபடி வெச்சிட்டு வரோம். ஐஸ் நான் கொண்டாரேன்."

"ஐஸும் வேணாம் ஒண்ணும் வேணாம். பொண்ணில்லாம வெச்சா சேருமான்னு மொதல்ல யாரு சொல்றது?"

பிறகு, "தேனு சாப்டுதா அண்ணி?" என்று கேட்டான். இத்தனை சொந்தத்தில் கேட்டவன் இவன் ஒருத்தன்தான். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன். விரல் நுனியில் தோல் உரிந்து போச்சு, பரவால்ல என்றான். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னேன்.

பூசாரி இன்றும் அதே பாட்டு.

மதியம் பூஜை அறையில் தேனு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பு. "நீயே சொல்லிடும்மா. அந்த நெருப்பு நம்மளுதா, இல்லையா? நீ என்ன சொன்னாலும் நான் ஏத்துக்கறேன்." என் வாயில் பொய் தயாராக இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது, சொல்ல முடியவில்லை. அவள் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள். தூங்கவில்லை, வளையல் சத்தம் கேட்கிறது.

அம்மா, பூசாரி நடுவில் வேண்டாம், உன்னிடமே கேட்கிறேன். வரட்டி எங்கள் விளக்கில் பற்றியது. அணைத்தது பெற்ற அப்பன், மகளுக்கு மூச்சு முட்டுகிறதே என்று. ஐஸ் கம்பெனியில் வாங்கியது. வெயில் உன்னுடையது. பிடித்து நின்ற கை எங்கள் வீட்டுக் கைதான். இதில் எது சேரும், எது சேராது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த மாதிரிப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, உனக்கும் தெரியும். வலது பூ என்றால் இன்றே அவளிடம் சொல்லித் தூங்கவைப்பேன். இடது என்றால் அவளுக்குப் பதில் நான் போகலாமா, அதையும் சேர்த்துச் சொல். நாளை வெள்ளிக்கிழமை. இழுத்தடிக்காமல் சீக்கிரம் பதில் சொல்.