கியரில் நின்ற வண்டி

பாய்,

இன்று காலை படகுத்துறை ஜெட்டியில் ஒரு லாரியைக் கயிறு கட்டி இழுத்தார்கள். பிரேக்கை விடாமலே இழுத்தார்களோ என்னவோ, சக்கரம் கருகும் வாடை வந்தது. அது மூக்கில் ஏறியதும் பக்கத்தில் கிடந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். மூட்டைக்காரச் சீனர் ஏசினார். ஏசிவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். இப்போதெல்லாம் உட்கார்ந்தால் எழுந்திருப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது.

உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து மூன்று வாரமாகிறது. அன்று ஒரு விஷயம் காதில் விழுந்தது. அதிலிருந்து உங்களோடு மனதுக்குள் பேசிப் பேசி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் இருந்தால், "மறுபடியும் மனுவா? ஸ்டாம்பு ஒட்டினியா?" என்று கேட்டிருப்பீர்கள்.

நம் மோட்டாரில் பாதி உங்களுடையது, பாதி என்னுடையது. மூன்று கை மாறி வந்த வண்டி. ஓட்டுவது நீங்கள். சவாரி பிடிப்பதும் சாமான் கட்டுவதும் துடைப்பதும் நான். வண்டியைப் பெரிக் கப்பலில் ஏற்றி அக்கரைக்குப் போகும்போதும் இதே பங்கீடுதான். அலையில் வண்டி உருளாமலிருக்க, எஞ்சினை நிறுத்தியதும் நீங்கள் கியரைப் போட்டு விடுவீர்கள், நான் இறங்கிச் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பேன். கரை வந்ததும் கட்டையை நான் எடுப்பேன், கியரை நீங்கள் எடுப்பீர்கள். ஐந்து வருஷம் இப்படியே போனது. நீங்கள் இல்லாத நேரத்தில் ஓட்டுகிற இடத்தில் நான் உட்கார்ந்துகூடப் பார்த்ததில்லை. அதில் எனக்கு ஒரு பெருமைகூட உண்டு. மடத்தனமான பெருமை.

அந்தக் கடைசிச் சவாரியன்று சுங்கை பாக்காப் தோட்டத்திலிருந்து பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணையும் அவள் புருஷனையும் ஏற்றி வந்தோம். பெரி இக்கரைக்கு வந்து சேர்ந்தது, வண்டி கிளம்பவில்லை. பின்னால் நின்ற வண்டிக்காரர்களெல்லாம் ஹாரன் அடித்துக் கொன்றார்கள். அந்தப் பெண் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நீங்கள் ஒரு பக்கம், அவள் புருஷன் ஒரு பக்கமாக அவளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு ரிக்‌ஷா தேடிப் போனீர்கள். "வண்டியப் பாத்துக்க" என்று என்னிடம் சொன்னீர்கள்.

இழுவை லாரி வந்தது. பெரியில் பழுதாகி நிற்கும் வண்டிகளை இழுத்து ஓரங்கட்டக் குத்தகை எடுத்திருந்த கம்பெனியின் லாரி. ஓட்டியவர் ஜுரு என்கிற ஊர்ப் பக்கத்து மலாய்க்காரர். இறங்கிக் குனிந்தவர், வடத்தை முன் அச்சில் கட்டாமல், கைக்கு எட்டிய ஸ்டியரிங் ராடில் கட்டினார். ஏறி உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்காமலே "போலே?" என்று கத்தினார். இழுக்கலாமா என்று கேட்கிறார். நான் அப்போதுதான் கட்டையை உருவி எடுத்திருந்தேன். என் வேலை முடிந்துவிட்டது. "போலே" என்று பதிலுக்குக் கத்தினேன்.

கியர் என் வேலையில்லையே பாய். நீங்கள் அவசரத்தில் அதை எடுக்காமல் போயிருந்தது எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை.

வடம் விறைத்தது. வண்டி வர மறுத்தது. லாரி இன்னும் முறுக்கியது. உள்ளே எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. நீங்கள் திரும்பி வந்தபோது, ராடு வளைந்து முன் சக்கரங்கள் ஆளுக்கொரு திசை பார்க்க, கியர்ப் பெட்டி உடைந்து எண்ணெய் ஒழுக, நம் பிழைப்பு ஜெட்டியில் கிடந்தது. யார் இழுக்கச் சொன்னது என்று லாரிக்காரரிடம் சண்டைக்குப் போனீர்கள். பின்னாலிருந்து ஒரு குரல் சொன்னது, ஆளைப் பார்க்கவில்லை என்றார் அவர். என்னைக் கேட்டீர்கள். கட்டை எடுத்துக்கொண்டிருந்தேன் என்றேன். அது பொய்யில்லை. அதற்குமேல் நீங்களும் கேட்கவில்லை.

கடைகளின் முன்தாழ்வாரமான அஞ்சடியில் பெட்டி போட்டு உட்கார்ந்திருந்த மனு எழுதுகிறவரிடம் போனோம். எங்கள் ஆள் யாரும் இழுக்கச் சொல்லவில்லை, ராடுக்கும் கியர்ப் பெட்டிக்கும் கம்பெனிதான் நஷ்ட ஈடு தர வேண்டும் என்று எழுதி வாங்கினோம். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள். காகிதம் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது நான்.

அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகள். கம்பெனித் துரை செவ்வாயன்று மட்டும்தான் புகார் கேட்பார். குமாஸ்தா கிராணி நம்மை வெளி பெஞ்சில் உட்கார வைப்பார். மத்தியானம் வந்து, துரைக்கு வேலை, அடுத்த வாரம் வா என்பார். ஒரு வாரம் வண்டியைப் பார்க்க ஆள் அனுப்பினார்கள். ஒரு வாரம் வண்டி ஏற்கெனவே பழசுதானே என்றார்கள். ஒரு வாரம் மனுவே தொலைந்துபோனது, மறுபடி எழுதினோம். மற்ற நாட்களில் நீங்கள் யாருடைய லாரியையோ கூலிக்கு ஓட்டினீர்கள், நான் மூட்டை தூக்கினேன். உள்ளே போனால் நீங்கள் கத்துவீர்கள். கத்திவிட்டு வெளியே வந்து, "கத்துறதுக்குக்கூட தெம்பு இல்லலா" என்பீர்கள்.

அதே பெஞ்சின் மறுகோடியில் லாரி ஓட்டிய ஜுருக்காரரும் உட்கார்ந்திருப்பார். தீர்ப்பாகிற வரைக்கும் அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருந்தார்கள். நஷ்ட ஈடு கொடுக்க நேர்ந்தால் அவருக்கு வேலை போய்விடும் என்று கிராணியே சொன்னார். அந்த பெஞ்சில் உட்கார்ந்து நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் குரலை அவர் அடையாளம் கண்டுகொள்வாரோ என்று பயம். எனக்குத் தொண்டைக் கட்டு என்று நீங்கள் நினைத்துக்கொண்டு அதிமதுரம் வாங்கிக் கொடுத்தீர்கள். அதை வாயில் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேனே, என்னை என்னவென்று சொல்வது.

பன்னிரண்டாவது செவ்வாய். ஜுருக்காரர் வாழையிலையில் மடித்துக் கொண்டு வந்திருந்த சோற்றைப் பிரித்தார். ஒரு பிடிச் சோறு, மேலே ஒரு நெத்திலித் துண்டு. அதைச் சரிபாதியாகப் பிரித்து, இலையைக் கிழித்து, என் பக்கம் தள்ளிவைத்தார். நான் மூன்று மாதமாக ஊமையாக இருப்பதைப் பார்த்துச் சீக்காளி என்று நினைத்தாரோ என்னவோ. எனக்குத் தைரியம் வந்துவிடவில்லை பாய். அலுத்துப்போனது, அவ்வளவுதான். உங்களைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போய், போலே என்று கத்தியது நான்தான் என்று சொன்னேன்.

அடிப்பீர்கள் என்று நினைத்தேன்.

"மொத வாரமே சொல்லியிருந்தா பதினோரு வாரம் மிச்சமாயிருக்கும்லா" என்றீர்கள்.

அப்போது கிராணி உங்களைக் கூப்பிட்டார். உள்ளே போனீர்கள். திரும்பி வர அதிக நேரமாகவில்லை. உள்ளே சொன்னதைப் படி இறங்கும்போது சொன்னீர்கள். கியர்ப் பெட்டி எங்கள் ஆள் தவறால் போனது, அதற்கு எதுவும் வேண்டாம். ராடு உங்கள் வடத்தால் வளைந்தது, அதற்கு மட்டும் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆக, தவறு உங்கள் பக்கம் என்று ஒப்புக்கொண்டாயா, அப்படியானால் ராடுக்கும் கிடையாது என்று துரை சொல்லிவிட்டாராம். ஜுருக்காரரை மறுநாள் வேலைக்கு வரச் சொன்னார்களாம்.

"விடுடா. எப்படியும் குடுத்திருக்க மாட்டானுங்க" என்றீர்கள்.

வண்டியை உடைசலுக்குப் போட்டோம். நீங்கள் கூலி டிரைவராகவே இருந்துவிட்டீர்கள். நான் மூட்டையோடு நின்றுவிட்டேன். அந்தத் தோட்டத்துப் பெண் மட்டும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. ஒருநாள் அவள் புருஷன் ஒரு தார் வாழைப்பழத்தைத் தூக்கிக்கொண்டு நம்மைத் தேடி வந்தான். அதற்குப் பிறகு ஏழு வருஷம் நாம் செவ்வாய்க்கிழமையைப் பற்றிப் பேசியதே இல்லை. எப்படியும் கிடைத்திருக்காது என்று நீங்களே சொல்லிவிட்டதால் எனக்கும் அது பெரிதாக உறுத்தவில்லை. நன்றாகத் தூங்கினேன்.

நாற்பதாம் நாளன்று சாப்பாடு முடிந்து சொல்லிக்கொண்டு கிளம்பினேன். உங்கள் வீட்டுக்கார அக்கா திரைச்சீலைக்கு உள்ளேயிருந்து பேசினார். உங்களைப் பற்றிப் பெருமையாகத்தான் சொல்ல ஆரம்பித்தார்.

"அந்தக் கடைசிச் செவ்வாக்கெழம அவுக கையில பேனாவையே குடுத்துட்டாங்களாமே தம்பி. முழுசும் தர்றோம்னு துர கையெழுத்துப் போட்ட காயிதம் மேசை மேல இருந்துச்சாம், அவுகதான் போட மாட்டேன்னுட்டாகளாம். ஒங்களுக்குத் தெரியாதா என்ன, அவுக சொல்லியிருப்பாகளே" என்றார்.

தெரியும் அக்கா என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

முதலில் கோபம்தான் வந்தது. இன்னமும் வருகிறது. அந்த வண்டியில் பாதி என்னுடையது பாய். காகிதம் தயாராக இருந்ததே. ஒரு எட்டு வெளியே வந்து, இப்படி இருக்கிறது, என்ன செய்யலாம் என்று என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. ஒரு ஜுருக்காரனுக்காக என் பாதியையும் சேர்த்துக் கொடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? மூன்று வாரமாக இதைத்தான் உங்களிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கேட்டுக் கேட்டு ஓய்ந்தபிறகு பதிலும் எனக்கே தெரிகிறது. நீங்கள் வெளியே வந்து கேட்டிருந்தால், அந்த மனுஷன் கொடுத்த சோறு கையில் ஒட்டியிருக்கும்போதே, கையெழுத்துப் போடுங்கள் பாய் என்றுதான் சொல்லியிருப்பேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் கேட்கவில்லை.